ஃபியூம் ஹுட்: நெடியிழு கூண்டு

வேதியியல் ஆய்வகத்தில் அமிலமும் கரைப்பானும் கையாளும் கண்ணாடிக் கதவு வைத்த கூண்டுதான் ஃபியூம் ஹுட். பிரிட்டிஷ் வழக்கில் ஃபியூம் கப்போர்டு. ‘ஃபியூம்’ இலத்தீனின் ‘ஃபூமுஸ்’, அதாவது புகை. தமிழுக்கும் வந்துசேர்ந்த வடமொழித் ‘தூமம்’ அதற்கு உறவுச்சொல். ‘ஹுட்’ பழைய ஆங்கிலத்தில் தலையை மூடும் துணி, நம் முக்காடு போல.

இதைப் ‘புகைபோக்கி’ என்று எழுதுவது தவறு. புகைபோக்கியில் சூடான புகை தானாக மேலேறும். இங்கே மொட்டைமாடியில் உள்ள புளோயர் (காற்றிழுக்கும் விசிறி) இழுத்தால்தான் எதுவும் வெளியேறும். பழுதானால் ஆய்வகத்தில் “ஹுட் இழுக்கலை” என்றுதான் சொல்கிறார்கள். ஆசிட் நெடி, மிளகாய் நெடி என்கிறோமே, அந்த நெடி கண்ணுக்குத் தெரியாததையும் சுட்டும். ஆகவே ‘நெடியிழு கூண்டு’ என்பதே எங்கள் பரிந்துரை. (மணமே இல்லாத நச்சு ஆவிகளும் உண்டு, அந்த அளவில் இந்தச் சொல்லும் குறையுடையதே.)

‘இழு’ என்பதை விடக்கூடாது. ஆய்வகத்தின் மின்கட்டணமே அதில்தான் இருக்கிறது. கூண்டு இழுப்பதில் நெடி கொஞ்சம், மீதியெல்லாம் ஏசியில் குளிர்ந்த அறைக்காற்று. 1.5 மீட்டர் அகலக் கூண்டில் கதவை 45 செ.மீ. உயர்த்தி, அந்தத் திறப்பின் வாயில் காற்றுக்கு நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் வைத்தால், மணிக்கு ஏறக்குறைய 1,200 கனமீட்டர் காற்று வெளியே போகும். அதே அளவு வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். புதுச்சேரி வெயிலில் 35 டிகிரி, 60% ஈரப்பதம் என்று கொள்வோம். அதை 24 டிகிரி, 55 சதவீதத்துக்குக் கொண்டுவர 15 கிலோவாட் குளிரூட்டல், அதாவது 4 டன்னுக்கு மேல் ஏசி வேண்டும். ஒரே கூண்டுக்கு! மணிக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து வடியும். காலாப்பட்டிலோ கடலூரிலோ ஆய்வகம் கட்டுகிறவர்கள் சூரியத்தகடு பற்றிப் பேசுமுன் கூண்டுகளை எண்ண வேண்டும்.

நிலைவேக புளோயர் என்றால் கதவை இறக்கினாலும் மிச்சமில்லை. இழுக்கும் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். கதவின் உயரத்துக்கேற்ப இழுப்பை மாற்றும் கட்டுப்பாடு இருந்தால், 15 செ.மீ.க்கு இறக்கும்போது அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகும். உள்வரும் காற்றையும் கூடவே குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அறையில் அழுத்தம் ஏறி, நெடி நடைபாதைக்குப் போகும்.

கடற்காற்றுக்காக ஜன்னலைத் திறப்பதும், கூண்டின் முன் மின்விசிறி போடுவதும் ஆபத்து. குறுக்குக் காற்று வாயின் வேகத்தில் பாதியை எட்டினாலே நெடி வெளியே புரளும். பாத்திரங்களைக் கதவிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். கதவின் அடியில் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால், இழுக்கும்போது அது உள்நோக்கிச் சாயும். தொங்கி நின்றால் வேலையை நிறுத்துங்கள்.

நெடியை வெளியேற்றும் மாடிக் குழாயின் மேல் மழைத்தொப்பி வேண்டாம். அது நெடியைக் கூரைக்கே திருப்பி அடிக்கும். குழாய் கூரைக்கு மேல் 3 மீட்டராவது நிற்கட்டும். உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும் என்பதால் புளோயரும் குழாயும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கிலோ எஃப்ஆர்பியிலோ (கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்) இருக்கட்டும்.