அப்பத்தாவின் செல்போனும் எட்டு வயதுப் பையனும்

மதுரை செல்லூரிலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். என் ஆலோசனை அறையில் நாற்காலிகள் நான்கு. தந்தையும் அப்பத்தாவும் முன்னால் அமர்ந்தார்கள், எட்டு வயதுப் பையன் சுழல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், அவனுடைய அக்கா மீதமிருந்ததில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்து எழுதத் தொடங்கினாள், தாய் கதவோரமாக நின்றார். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தந்தையே பதில் சொன்னார்; ஒவ்வொரு பதிலும் "எல்லாம் இவ குடுத்த செல்லம் சார்" என்று முடிந்தது. தன் மகனும் இந்த வயதில் இப்படித்தான் சேட்டை செய்தான் என்றார் அப்பத்தா. பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பதைத் தவிர தாய் அன்று வேறொன்றும் பேசவில்லை.

பையனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு இருந்தது. இதை ஒரு நாள் சேட்டையை வைத்து முடிவு செய்வதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். காது மந்தமான குழந்தையும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையும்கூட வகுப்பில் அடங்காப்பிடாரியாகத்தான் தெரிவார்கள் என்பதால், அவற்றைச் சோதிக்காமல் நான் மேலே போவதில்லை. இக்குறைபாட்டில் பரம்பரையின் பங்கு பெரிது; செல்லம் கொடுப்பதால் இது வருவதில்லை என்பதைத் தாயின் முன்னிலையிலேயே தந்தையிடம் சொன்னேன். ஆனால், குறைபாட்டை உண்டாக்காத வீடும் அதன்மேல் வளரும் முரட்டுத்தனத்துக்குத் தீனி போட முடியும்.

ஒரு நாள் மாலை நடப்பதை நேரம் குறித்து எழுதிவரும்படி தாயிடம் கேட்டிருந்தேன். அவர் கொண்டுவந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: 6.10-க்கு செல்போன் கேட்டான், தரவில்லை. 6.15-க்குத் தட்டை எறிந்தான், நான் கத்தினேன். 6.30-க்கு, வளவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அத்தை (பையனின் அப்பத்தா) தன் போனைக் கொடுத்துவிட்டார். 9 மணிக்கு அவர் வந்து, விஷயம் கேள்விப்பட்டு அடித்தார். அழுதவனை மடியில் போட்டுத் தோசை ஊட்டினேன். பிறகு நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்து, 1982-இல் விரிவாக எழுதிய சுழல்தான் அந்தத் தாளில் இருந்தது. பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று பெரியவரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு, தினமும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை அழுத்தமாக வேரூன்றச் செய்யும் என்பதால், நான்கு நாள் மறுத்து ஐந்தாம் நாள் கொடுப்பது மிகவும் மோசமான வழி. 6.15-க்கு எறிந்த தட்டுக்காக 9 மணிக்கு விழும் அடியோ, அப்பா வந்தால் அடி விழும் என்பதைத் தவிர வேறெதையும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

மூவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் போதும் என்றேன். வீட்டுப்பாடம் முடிந்ததும் 20 நிமிடம் போன் உண்டு, அதை அப்பத்தாதான் கொடுப்பார்; முடியாத நாளில், அவன் என்ன செய்தாலும், யாரும் கொடுக்கக் கூடாது. வீட்டுப்பாடத்தையும் ஒரே மூச்சில் கேட்காமல் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பழகியதை நிறுத்தினால் முதல் சில நாட்கள் கத்தல் இன்னும் கூடும். பல குடும்பங்கள் அப்போதுதான் கைவிடுகின்றன. அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கும் பொறுப்பை அப்பத்தா தானாகவே ஏற்றுக்கொண்டார்.

பாண்டி கோயிலில் கயிறு கட்டிய பிறகே இங்கு வந்ததாகப் பலரும் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். கயிறு கையில் இருக்கட்டும், சிகிச்சை நின்றுவிடாமல் இருந்தால் சரி. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருந்தைவிடப் பெற்றோருக்கான பயிற்சியே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது; அதற்கு மேற்பட்டவர்களுக்கு மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அவர்கள் கிளம்பும்போதுதான் அக்காவின் மடியிலிருந்த நோட்டைக் கவனித்தேன்; அட்டையில் தம்பியின் பெயர் இருந்தது. அவன் எழுதாவிட்டால் பள்ளியிலிருந்து போன் வரும், வந்தால் அம்மா அழுவார் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தொந்தரவு தராத பிள்ளை என்று வீட்டில் அவளை யாரும் கவனித்ததில்லை. வாரத்தில் ஒரு மாலை அவளை மட்டும் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போகத் தந்தை சம்மதித்தார். நானும் வருவேன் என்று தம்பி அடம்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா சொல்லிவிட்டார்: "அவனை நான் பாத்துக்கிறேன், நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போ."