குளோன்: நகலா, போத்தா?

ஓர் உயிரின் மரபணுவை அப்படியே கொண்டு உருவாகும் இன்னோர் உயிர்தான் குளோன். அதற்குத் தமிழ் கேட்டால் பலரும் சட்டென்று 'நகல்' என்பார்கள், பத்திரிகைகளும் நகலாக்கம் என்றே எழுதிப் பழகிவிட்டன. எனக்கு அது எப்போதுமே இடறும். கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) நாவலைப் படித்தபிறகு ரொம்பவே இடறுகிறது.

குளோன் கிரேக்கச் சொல், பொருள் சிறு கிளை. 1903-ல் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஹெர்பர்ட் வெப்பர், விதை இல்லாமல் கிளை, கிழங்கு, ஒட்டு என்று பெருக்கும் செடிகளுக்காக அதை எடுத்துக்கொண்டார். 1963-ல் உயிரியலாளர் ஹால்டேன் ஓர் உரையில் மனிதர் வரைக்கும் அதை நீட்டினார் (அப்போது அவர் இந்தியக் குடிமகன், இருந்தது புவனேஸ்வரத்தில்). அப்புறம் 1996-ல் ஸ்காட்லாந்தில், வளர்ந்த ஓர் ஆட்டின் செல்லிலிருந்து குளோனாகப் பிறந்த டோலி ஆடு. 277 முறை செல்லையும் முட்டையையும் இணைத்துப் பார்த்ததில் உயிரோடு பிறந்தது அவள் ஒருத்திதான்.

சரி, ஒடித்து நடும் கிளைக்குத் தமிழில் சொல் இல்லையா? முருங்கை வைத்தவர்களைக் கேளுங்கள், போத்து என்பார்கள். கைத்தடிமனில் ஒரு கிளையை வெட்டி, மேல்வெட்டில் சாணியை அப்பி, மழை ஈரத்தில் ஊன்றிவிட்டால் சில வாரத்தில் கணுக்கணுவாகப் பச்சை முட்டும், தாய்மரத்துக் காயின் ருசி அப்படியே இதிலும் வரும். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடும் கதியாலும் இதே வேலைதான். செடிக்குச் சரி, ஆட்டுக்குப் பொருந்துமா என்றால், தொல்காப்பிய மரபியலில் ஆண் விலங்குகளுக்கான பெயர்களில் போத்தும் உண்டு. பொருள் வேறுதான், ஆனால் விலங்குக்குப் புதிய சொல் இல்லை.

நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, கூடவே வரும் அசலும் அப்படித்தான். வந்த சொல் என்பதால் எனக்குக் கோபமில்லை, அந்தச் சோடி செய்யும் வேலைதான் பிடிக்கவில்லை. நகல் என்றாலே அசல் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது, இது தொலைந்தாலும் பாதகமில்லை என்று ஆகிவிடும். டோலி பிறந்தபோது செல் கொடுத்த ஆடு உயிரோடுகூட இல்லை, உறையவைத்த மடிச்செல்தான் மிச்சம். பிறகு எது அசல்? படியெடுப்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் பாடநூலில் படியெடுத்தல் டி.என்.ஏ.யைப் பார்த்துச் செல் ஆர்.என்.ஏ. உருவாக்கும் சமாச்சாரத்துக்குப் போய்விட்டது.

நாவலுக்கு வருகிறேன். உறுப்புக்காகவே வளர்க்கப்படும் குளோன் பிள்ளைகளை அவர்கள் படிக்கும் ஹெயில்ஷம் விடுதிப்பள்ளியில் 'மாணவர்கள்' என்கிறார்கள். உறுப்பை எடுப்பதற்குப் பெயர் கொடை. கொடுத்துக் கொடுத்துச் செத்தால் 'நிறைவடைந்தார்'. இவர்களுக்கும் ஆன்மா உண்டு என்று வெளியே காட்டத்தான் அவர்கள் வரைந்த படங்களைப் பள்ளி சேகரித்தது என்பது பிற்பாடுதான் தெரியவருகிறது. முருங்கைப் போத்திடம் நீ மரம்தானா என்று யாரும் சான்று கேட்டதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ரூத் என்ற பெண், தான் யாருடைய குளோனோ அவளாக இருக்கக்கூடிய ஒருத்தியைத் தேடி நண்பர்களோடு இங்கிலாந்தின் நார்ஃபோக்குக்குப் போகிறாள். முதலில் அலுவலகக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள், அவளேதான் போலிருக்கிறது. பின்தொடர்ந்து ஓவியக்கூடத்துக்குள் போய்க் கிட்டத்தில் பார்த்தால் இல்லை. அப்படித் தேடப்படுபவர்களை இஷிகுரோவின் பிள்ளைகள் அசல் என்று சொல்வதில்லை, 'இருக்கக்கூடியவர்' என்கிற பொருளில்தான் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் பெயர்ப்பவர் அங்கே 'அசல்' என்று போட்டால், ரூத்தை நகல் என்று அவரே முடிவுகட்டிவிட்டார் என்று அர்த்தம்.