மார்கனாட்டிக் மேரேஜ்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

ஐரோப்பிய ராஜ குடும்பங்களைப் பத்தி தமிழ்ல எழுதுறப்ப மாட்டிக்கிற சொல்லு இது. காந்தர்வ மணம்னு எழுதுறாங்க, ரகசியக் கல்யாணம்னு எழுதுறாங்க, இன்னும் மோசமா அந்தப் பொண்ணை ஆசைநாயகின்னே எழுதிடுறாங்க. மூணும் தப்பு, அதுலயும் மூணாவது அந்தப் பொண்ணுங்களுக்குப் பண்ற அநியாயம்.

ராஜ வம்சத்து ஆள் ஒருத்தர் தன் அந்தஸ்துக்கு சமமா இல்லாத குடும்பத்துப் பொண்ணைக் கட்டிக்கிறார். பாதிரியார் முன்னாடி முறைப்படி நடக்குற முழுக் கல்யாணம்தான், பிறக்குற பிள்ளைங்க சட்டப்படி பிறந்த பிள்ளைங்கதான், அந்த மனைவி இருக்கும்போது அவர் இன்னொருத்தியைக் கட்டவும் முடியாது. ஆனா புருஷனோட பட்டமும் அந்தஸ்தும் மனைவிக்கு வராது, பிள்ளைங்களுக்கு சிம்மாசனத்துல உரிமை கிடையாது, வம்ச சொத்துலயும் பங்கு கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அந்த வித்தியாசம் ஒரு ஆயுசு முழுக்கக் குத்திக்கிட்டே இருக்கும்.

சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னா, ஜெர்மன்ல மோர்கன்னா காலை, காபேன்னா கொடை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில புருஷன் மனைவிக்குக் கொடுக்குற பரிசுதான் மோர்கன்காபே. நம்ம ஊர் பரிசம் மாதிரி கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்குப் போறது இல்ல, நேரா அவ கைக்கே வர்றது, அவளுக்கே சொந்தம். முஸ்லிம் கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்குற மஹர் ஓரளவு இதுக்குக் கிட்ட வரும். இதை வெச்சு இடைக்கால லத்தீன்ல மாட்ரிமோனியம் அட் மோர்கனாட்டிகம்னு ஒரு தொடர் உருவாச்சு, அதாவது அந்தக் காலைப் பரிசோட நின்னுபோற கல்யாணம், அதுக்கு மேல அவ எதையும் கேட்க முடியாது. ஜெர்மன்ல இடக்கைக் கல்யாணம்னும் சொல்லுவாங்க, வழக்கமா வலது கையைக் கொடுக்குற மாப்பிள்ளை இதுல இடது கையைக் கொடுப்பார்.

இவ்வளவு கணக்கு பார்க்கக் காரணம், அவங்களுக்குக் கல்யாணம்ங்கிறது ராஜ்ஜிய விவகாரம். ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தையே எடுத்துக்கங்க, 1477-ல மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரியைக் கட்டினதுல நெதர்லாந்து பக்கம் கைக்கு வந்துச்சு, அவங்க மகன் பிலிப் 1496-ல ஸ்பெயின் இளவரசி ஹுவானாவைக் கட்டினதுல அவங்க பிள்ளை அஞ்சாம் சார்லஸ் ஸ்பெயினுக்கே ராஜாவானார். மத்தவங்க சண்டை போடட்டும், பாக்கியசாலி ஆஸ்திரியாவே, நீ கல்யாணம் பண்ணிக்கோன்னு லத்தீன்ல ஒரு வரியே இருக்கு. அப்படிப்பட்ட வீட்டுல ஆசைப்பட்டவளைக் கட்டணும்னு ஒருத்தர் நின்னா என்ன ஆகும்?

நின்னவர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட், ஆஸ்திரியா-ஹங்கேரியோட அடுத்த வாரிசு. பொண்ணு சோஃபி சோடெக், பொஹீமியாவுல (இன்னிக்கு செக் நாடு) பழைய பிரபு குடும்பம், கவுன்ட் வீட்டுப் பொண்ணு, நம்ம கண்ணுக்கு அதுவே பெரிய இடம், ஆனா ஹப்ஸ்பர்க் கணக்குல அது போதாது. சோஃபி, இசபெல்லாங்கிற ஆர்ச்டச்சஸ்கிட்ட, அதாவது ஹப்ஸ்பர்க் வீட்டு இளவரசிகிட்ட, தோழியா வேலை பார்த்தாங்க. ஃபெர்டினாண்ட் அடிக்கடி வர்றதைப் பார்த்து தன் பொண்ணுங்கள்ல ஒருத்தியைத்தான் கேட்கப் போறார்னு இசபெல்லா நினைச்சிருக்க, ஒருநாள் அவர் டென்னிஸ் ஆடிட்டு மறந்துட்டுப் போன கடிகாரத்தைத் திறந்து பார்த்தா உள்ளே சோஃபி போட்டோ இருந்துச்சுன்னு ஒரு கதை இன்னிக்கும் சொல்லுவாங்க.

சக்கரவர்த்தி ஃப்ரான்ஸ் ஜோசஃப் லேசுல ஒத்துக்கல. கடைசியில 1900 ஜூன் 28-ல வியன்னா அரண்மனையில, எல்லார் முன்னாடியும், என் மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும் எந்த வாரிசுரிமையும் கிடையாதுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், ஜூலை 1-ல கல்யாணம் நடந்துச்சு. சக்கரவர்த்தி வரல, மாப்பிள்ளையோட கூடப்பிறந்த தம்பிங்க கூட வரல. ஹங்கேரி சட்டத்துல இப்படி ஒரு வகைக் கல்யாணமே இல்லாததால அந்தச் சத்தியத்தை அங்கே தனிச் சட்டமாவே போட வேண்டியிருந்துச்சு.

சோஃபிக்கு ஹோஹன்பர்க்னு தனியா ஒரு பட்டம் கொடுத்தாங்க, 1909-ல அது டச்சஸ்ங்கிற உயர்ந்த பட்டம் ஆச்சு, ஆனாலும் அரண்மனை விருந்துல ஆர்ச்டச்சஸ்கள் எல்லாரும் உள்ளே போன பிறகுதான் அவங்க நுழையணும், புருஷன் பக்கத்துல நடக்க முடியாது. அந்தச் சத்தியம் பண்ணி சரியா 14 வருஷம் கழிச்சு, 1914 ஜூன் 28-ல, சரயேவோவுல ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்னாங்க. வியன்னாவுல சவப்பெட்டிகளை வெச்சப்ப சோஃபி பெட்டியை ஒரு படி கீழே வெச்சு, அது மேல வெள்ளைக் கையுறையும் விசிறியும் வெச்சாங்க, அதாவது தோழியா வேலை பார்த்தவங்கங்கிறதுக்கு அடையாளம், மூணு பிள்ளை பெத்த மனைவிக்கு! இதை எப்போ படிச்சாலும் எனக்கு மனசு ஆறாது. வம்சத்துக் கல்லறையில சோஃபிக்கு இடம் கிடையாதுன்னு ஃபெர்டினாண்ட் முன்னாடியே யோசிச்சு ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில தனிக் கல்லறை கட்டி வெச்சிருந்தார், ரெண்டு பேரும் அங்கேதான் இருக்காங்க.

இப்போ தமிழுக்கு வருவோம். காந்தர்வ மணம்னா சடங்கு, சாட்சி எதுவும் இல்லாம ரெண்டு மனசு ஒத்துக்கிறது, இங்கே பாதிரியாரும் இருக்கார், பத்திரமும் இருக்கு. இடக்கை மணம்னா ஜெர்மன் வழக்கத்தை அப்படியே சொன்ன மாதிரிதான், படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. வாரிசுரிமையில்லா மணம்னா பாதிதான் வருது, மனைவிக்கு மறுக்குற அந்தஸ்து அதுல இல்ல. பட்டமில்லா மணம்னு சொல்லலாம்ங்கிறது என் கருத்து. தமிழ்ல பட்டம்னா பதவிப் பேரும் அதுதான், அரசுரிமையும் அதுதான், பட்டத்தரசி, பட்டத்து இளவரசன், பட்டம் கட்டுறதுன்னு எல்லாத்துலயும் அந்தச் சொல்லுதான் நிக்குது. இந்த மனைவி பட்டத்தரசி ஆக முடியாது, பிள்ளைக்குப் பட்டம் கட்ட முடியாது, ஆனா மணம் மணம்தான்.

பேட்டன்பர்க் குடும்பமும் இப்படி வந்ததுதான், 1851-ல ஹெஸ்ஸே இளவரசர் அலெக்சாண்டர் ஜூலியா ஹௌகேயைக் கட்டினதுல ஆரம்பிச்ச கிளை, அவங்க பேரன்தான் நம்ம கடைசி வைஸ்ராயா வந்த மவுன்ட்பேட்டன். பேட்டன்பர்க்ங்கிற பேரைத்தான் 1917-ல மவுன்ட்பேட்டன்னு மாத்திக்கிட்டாங்க.

1936-ல இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட், விவாகரத்தான அமெரிக்கப் பொண்ணு வாலிஸ் சிம்ப்சனைக் கட்டிக்கிறேன், அவங்க ராணியா இருக்க வேண்டாம்னு கேட்டதும் இதே ஏற்பாடுதான். இங்கிலாந்து சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாது, பிரதமர் பால்ட்வின் அரசாங்கம் புதுசா சட்டம் கொண்டுவர ஒத்துக்கல, அவர் முடி துறந்தார். இதை எழுதும்போது ரகசியக் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டார்னு எழுதாம, பட்டமில்லா மணத்துக்கு அனுமதி கேட்டார்னு எழுதுங்க.