வண்டியை அணைத்த பின் கேட்கும் இரைச்சல்

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் அந்தப் பேருந்து தொடர்ந்து மூன்று நாள் காலையில் கிளம்ப மறுத்தது. வெளியே மைனஸ் 15 டிகிரி. ஹைட்ரஜன் அழுத்தம் சரி, பேட்டரி சரி, சென்சார்கள் சரி. பணிமனைக்குள் இழுத்து வந்து சில மணி நேரம் வெதுவெதுப்பில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நான்காம் நாள் இரவு, கடைசி நடை முடிந்து அது திரும்பும் நேரத்தில் நானே போய் நின்றேன்.

ஓட்டுநர் வண்டியை வரிசையில் நிறுத்தினார், அணைத்தார். உள்ளே காற்றை ஊதும் கம்ப்ரசர் மட்டும் சீழ்க்கை அடிப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, முதன்மை மின் சுவிட்சைத் திருகினார். சத்தம் சட்டென்று நின்றது. ஏன் என்று கேட்டேன். “அணைத்த பிறகும் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது சார். இரவெல்லாம் ஓடினால் பேட்டரி இறங்கிவிடுமே” என்றார்.

இருபது ஆண்டுகள் டீசல் பேருந்து ஓட்டியவர். அங்கே அது நல்ல பழக்கம். இங்கே அந்த ஒரு திருகல்தான் மூன்று காலைகளையும் கெடுத்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரைச்சல் எதற்கு என்று நாங்கள் யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

எரிபொருள் கலம் ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் தயாரிக்கும்போது கூடவே தண்ணீரும் தயாரிக்கிறது. 1 கிலோ ஹைட்ரஜன் செலவானால் ஏறக்குறைய 9 கிலோ தண்ணீர். 100 கிலோமீட்டருக்கு 8 கிலோ ஹைட்ரஜன் குடிக்கும் பேருந்து, அந்தத் தூரத்துக்குள் 70 லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். ஓடும்போது கலம் 60 முதல் 80 டிகிரி வரை சூடாக இருப்பதால் பெரும்பகுதி ஆவியாகவும் துளியாகவும் காற்றோடு போய்விடும். நிறுத்தியதும் சிக்கல் தொடங்குகிறது. எஞ்சிய ஈரம் கலத்துக்குள்ளேயே குளிர்ந்து, இரவில் பனிக்கட்டியாகிறது.

கலத்தின் நடுவே இருக்கும் சவ்வு தலைமுடியைவிட மெல்லியது. அதை ஒட்டிய பிளாட்டினப் படலத்தின் தடிமன் பத்து மைக்ரான் அளவுதான். அந்தப் படலத்தின் நுண்துளைகள் வழியாகத்தான் ஆக்ஸிஜன் உள்ளே போக வேண்டும். துளைகளில் பனி அடைத்துக்கொண்டால் காற்று வெளியே காத்து நிற்கும், மின்சாரம் வராது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் வரை பருக்கவும் செய்கிறது. அதனால் திரும்பத் திரும்ப உறைந்து உருகும் படலம் சவ்விலிருந்து உரிந்து வரும். அது ஒரே நாளில் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியின் இழுவை குறையும்; காரணம் புரியாமல் நாம் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

வண்டியை அணைத்த பின் கேட்கும் இரைச்சல் இந்த ஈரத்தை ஊதி வெளியேற்றும் சத்தம்தான். பர்ஜ் என்று பணிமனையில் சொல்வோம். சில வண்டிகளில் சில பத்து நொடிகள், சிலவற்றில் சில நிமிடங்கள். கணக்கில்லாமல் ஊதவும் முடியாது. சவ்வு புரோட்டான்களைக் கடத்த அதற்குள் கொஞ்சம் ஈரம் வேண்டும். சவ்வின் அமிலக் கூறுகளோடு ஒட்டியிருக்கும் அந்த நீர் எளிதில் உறையாது. ஆக, கலம் பிழிந்து எடுத்த துணியின் பதத்தில் இருக்க வேண்டும், கொடியில் மொடமொடவென்று காய்ந்த துணியின் பதத்தில் அல்ல. அந்தப் பதத்தை அறிய, சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்திச் சவ்வின் மின்தடையை அளக்கிறது வண்டியின் கணினி. தடை குறிப்பிட்ட அளவுக்கு ஏறியதும் ஊதுவதை நிறுத்துகிறது. நாம் கையால் நிறுத்தினால் அந்தக் கணக்கு பாதியில் அறுந்துபோகிறது.

சில வண்டிகள் இன்னும் ஒரு படி மேலே போகும். கலம் ஆற ஆற உள்ளேயிருக்கும் ஆவி மறுபடி துளியாகும் அல்லவா? அதனால் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது வண்டி தானாக விழித்து இன்னொரு முறை ஊதும். நள்ளிரவில் பூட்டிய வண்டி உறுமுகிறது, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பதறிக்கொண்டு தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு.

பர்ஜைத் தடுப்பதைவிட அதிகமாக நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது, அது தவறாகவே தெரியாது. கழுவுவதற்காகவோ இடம் மாற்றுவதற்காகவோ குளிர்ந்து கிடக்கும் வண்டியைக் கிளப்பி, முப்பது மீட்டர் நகர்த்தி, உடனே அணைத்துவிடுவார்கள். எரிபொருள் கலம் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரை உண்டாக்கும். சூடேறாத கலத்தில் அது வெளியே போக வழியில்லை. இருந்த இடத்திலேயே பனியாகும். கிளப்பினால் கூலண்ட் சூடாகும் வரை ஓட விடுங்கள், இல்லையென்றால் கிளப்பாதீர்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. வண்டியைப் பேட்டரியில் மட்டும் நகர்த்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

காலையில் கிளப்புவதும் உண்மையில் ஓர் ஓட்டப்பந்தயம். கிளப்பிய நொடியிலிருந்து புதிய தண்ணீர் உண்டாகிக்கொண்டே இருக்கும். நுண்துளைகள் பனியால் நிரம்புவதற்குள் கலம் பூஜ்யத்தைத் தாண்டிவிட வேண்டும். அதற்காகச் சில வண்டிகள் வேண்டுமென்றே காற்றைக் குறைத்துக் கொடுக்கின்றன. அப்போது மின்னழுத்தம் விழும், வீணாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். வீணடிப்பதையே உத்தியாக்கிய பொறியாளரை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், மரியாதையும் வரும். 2003-ல் ஹோண்டா மைனஸ் 20 டிகிரியில் கிளம்பும் கலத்தை அறிவித்தது; 2008-ல் டொயோட்டாவின் எஃப்சிஎச்வி-அட்வ் கார் மைனஸ் 30-ஐத் தொட்டது. ஆனாலும் அந்த முதல் நிமிடத்தில் வண்டி மந்தமாகத்தான் இருக்கும். பொறுமையிழந்து அணைத்து அணைத்துக் கிளப்பினால் ஒவ்வொரு முறையும் உள்ளே பனி கூடும். இரண்டு முறை முயன்றும் கிளம்பாவிட்டால் மூன்றாம் முறை கை வைக்காமல் எங்களை அழையுங்கள்.

ஹைட்ரஜன் பக்கத்திலும் ஈரம் சேரும். அங்கே வழி அடைத்து, வண்டியில் அடுக்கி வைத்திருக்கும் பல கலங்களில் ஒன்றுக்கு மட்டும் ஹைட்ரஜன் கிடைக்காமல் போனால் அதன் மின்னழுத்தம் தலைகீழாகி, பிளாட்டினத்தைத் தாங்கும் கரியே அரிக்கப்படும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி வெளியேற்றுக் குழாய். பழக்கதோஷத்தில் இன்னமும் சைலன்சர் என்றுதான் சொல்கிறோம். குளிரில் அதிலிருந்து கிளம்பும் வெண்மேகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நீராவி. பயப்பட வேண்டியது மேகம் வராதபோது. ஒருமுறை ஒரு கார்க்காரர், தரை நனைகிறது என்று குழாயின் வாயில் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டியிருந்தார். ஹோஸ் நடுவில் தொய்ந்து கிடந்தது. தொய்வில் தேங்கிய தண்ணீர் உறைந்து, கழற்றியபோது கட்டைவிரல் பருமனில் பனித்தக்கை ஒன்று வழுக்கி விழுந்தது.

குழாய் அடைத்தால் காற்றோட்டம் குறையும், பர்ஜ் தோற்கும். அதைவிடப் பெரிய விஷயம், காற்றிலிருந்து சவ்வு வழியே கசிந்து ஹைட்ரஜன் பக்கத்தில் சேரும் நைட்ரஜனை வெளியேற்ற வண்டி அவ்வப்போது வால்வைத் திறக்கும்போது கொஞ்சம் ஹைட்ரஜனும் கூடவே போகும். அதை நீர்க்கச் செய்வது இதே வெளியேறும் காற்றுதான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பிடிக்க முடியும். அதனால்தான் ஐ.நா.வின் 13-ஆம் உலகளாவிய தொழில்நுட்ப விதி, குழாய் வாயில் ஹைட்ரஜனின் அளவு எந்த மூன்று நொடிச் சராசரியிலும் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தக் கணத்திலும் 8-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அடைத்த குழாயை உருக்க நெருப்பைக் காட்ட நினைப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். கம்பியாலும் குத்த வேண்டாம், உள்ளே வால்வு இருக்கிறது. கூரையில் காற்றுப்போக்கி உள்ள, சூடேற்றிய இடத்துக்குள் இழுத்து வந்து காத்திருப்பதுதான் வழி. மூடிய கொட்டகையில் கலத்தை ஓடவிட்டுக் குழாயருகே நிற்கவும் கூடாது. ஆக்ஸிஜனைப் பறிகொடுத்த காற்றுதான் அங்கே வருகிறது.

சொட்டும் தண்ணீர் வண்டியின் அடியில் கண்ணாடிபோல் உறையும். காலையில் ஏற வருபவரின் கால் அங்கேதான் வழுக்கும். டொயோட்டாவின் மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் தேங்கிய நீரை முன்கூட்டியே வெளியேற்ற ஒரு பொத்தான் உண்டு. அதை வண்டி நிற்குமிடத்துக்குள் நுழையும் முன்பே அழுத்துங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சவ்விலிருந்து கரையும் ஃபுளூரைடும் குழாய் அழுக்கும் கலந்தது, நான் குடிப்பதில்லை.

அந்தப் பேருந்து ஓட்டுநர் இப்போது சுவிட்சைத் தொடுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி இரைச்சல் ஓயும் வரை பக்கத்திலேயே நிற்கிறார். போன குளிர்காலத்தில் ஓர் இரவு அழைத்தார். “சார், தினமும் ஒன்றரை நிமிடம் ஊதும். இன்று இருபது நொடியில் நின்றுவிட்டது.” போய்ப் பார்த்தோம். காற்று வெளியேறும் வழியிலிருந்த வால்வு, ஓரத்தில் பனி கோத்து, பாதி திறந்த நிலையில் சிக்கிக் கிடந்தது. அன்றிரவே அதை மாற்றினோம். காலை முதல் நடைக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.