விடாமுயற்சி அல்ல, நிலைநிற்றல்

நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். உடன் வந்திருந்த போதகர் ஜெபம் முடித்து எழும்போது, "அம்மா, விசுவாசத்தில் விடாமுயற்சியோடு இருங்கள்" என்றார். மூதாட்டி போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. நான் எதை முயற்சி செய்வது, ஐயா?" என்று கேட்டார். போதகர் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்தில் அந்தச் சொல்லை நான் கேட்பது அது மூன்றாவது முறை.

புதிய ஏற்பாட்டில் இப்போது 'விடாமுயற்சி' என்று பெயர்க்கப்படும் கிரேக்க மூலச்சொல் 'ஹுப்பொமொனே'. 'ஹுப்போ' என்றால் கீழே. 'மெனோ' என்றால் இரு, தங்கு. சுமை அழுத்தும்போது அதன் அடியிலிருந்து நழுவிவிடாமல் இருப்பது. இதன் வினைவடிவம் மிகச் சாதாரணமான இடங்களிலும் வரும். பெற்றோர் ஊருக்குத் திரும்பிய பிறகும் சிறுவன் இயேசு எருசலேமிலே 'இருந்துவிட்டார்' என்று லூக்கா 2:43 சொல்கிறதே, அது இந்த வினைதான். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், ஒருவர் கிளம்பவில்லை. வேர்ப்பொருள் அவ்வளவே.

பழைய தமிழ் வேதாகமம் இதைப் பெரும்பாலும் 'பொறுமை' என்று பெயர்த்தது. "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும்" என்ற ரோமர் 5ஆம் அதிகாரத்து வரி பலருக்கும் மனப்பாடம். நல்ல தேர்வுதான். பொறு என்றால் சும. பொறை என்றால் சுமை. பொறுப்பும் அந்தக் குடும்பமே. கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு நெருங்கிய வேர் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் இன்று 'பொறுமையாகச் சாப்பிடு', 'பொறுமையாக வா' என்றால் அவசரப்படாதே என்றுதான் பொருள். சுமை எங்கோ இறங்கிப்போய்விட்டது. போதாததற்கு, பிறர்மேல் கோபத்தை அடக்கிக்கொள்ளும் குணத்துக்குக் கிரேக்கத்தில் வேறொரு சொல் உண்டு. அதைத் தமிழில் 'நீடிய பொறுமை' என்று வைத்ததால் இரண்டும் கலந்துவிட்டன. ஆகவே மாற்றுச்சொல் தேடியவர்களை நான் குறைசொல்லமாட்டேன். தேடிய இடம்தான் தவறு.

அவர்கள் தேடியது ஆங்கிலத்தில். பழைய ஆங்கில வேதாகமமான கிங் ஜேம்ஸ் பதிப்பில் 'பேஷன்ஸ்' (பொறுமை) என்றிருந்த இடங்களில், பின்னர் வந்த சில ஆங்கிலப் பதிப்புகள் 'பெர்சிவியரன்ஸ்' என்று போட்டன. அகராதியைப் புரட்டினால் அதற்கு நேரே விடாமுயற்சி. எடுத்து ஒட்டியாயிற்று.

முயற்சி என்ற சொல் தமிழில் யாரோடு பழகி வளர்ந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கை நடுங்கியிருக்கும். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." தெய்வத்தால் ஆகாவிட்டாலும் உன் உழைப்பு கூலி தரும் என்கிறது குறள். அருமையான குறள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லலாம். கடவுளின் கரத்தைப் பிடித்துக்கொண்டு துன்பத்தில் நிற்கிறவருக்கு, தெய்வம் கைவிட்டாலும் பரவாயில்லை என்ற வாடை அடிக்கும் சொல்லையா கொடுப்பது?

வள்ளுவர் இதில் குழம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறர் செய்யும் தீங்கைப் பொறுப்பது பொறையுடைமை, 16ஆம் அதிகாரம். உழைப்பது ஆள்வினையுடைமை, 62. துன்பம் வந்தபோது இடிந்துபோகாமல் இருப்பது இடுக்கண் அழியாமை, 63. அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்கள், ஆனால் இரண்டு. அவர் பிரித்து வைத்ததை நாம் அகராதியின் பேச்சைக் கேட்டுச் சேர்த்துக் கட்டுகிறோம்.

சந்தேகம் இருந்தால் வசனங்களில் பொருத்திப் பார்க்கலாம். எபிரெயர் 12:2, இயேசு "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்கிறது. அங்கே வருவது இதே வினை. சிலுவையில் விடாமுயற்சி செய்தார் என்று யாராவது எழுதுவார்களா? பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் சங்கீதம் 71:5இல் பக்தன் கடவுளையே 'என் ஹுப்பொமொனே' என்று அழைக்கிறான். 'நீரே என் விடாமுயற்சி' என்று பாடிப் பாருங்கள். கொடுமையின் உச்சம், 'பரிசுத்தவான்களின் விடாமுயற்சி'. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் சங்கம் வலியுறுத்திய உபதேசம் அது. கடவுள் தம்முடையவர்களைக் கைவிடாமல் கடைசிவரை காக்கிறார் என்பதே அதன் சாரம். அதற்கு மனிதனின் முயற்சியைப் பெயராக வைத்தால், உபதேசம் தலைப்பிலேயே தலைகீழாகிவிடுகிறது.

'சகிப்புத்தன்மை' என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: அது இப்போது பிற மதத்தாரோடு ஒத்துவாழ்வதற்கான சொல். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு ரோமர் 5இல் 'மன உறுதி' என்கிறது. இது எவ்வளவோ மேல். ஆனாலும் நிற்பதை மனத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது.

என் கட்சி நிலைநிற்றல். நான் உருவாக்கிய சொல் அல்ல; பழைய வேதாகமத்திலேயே இருக்கிறது. "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்ற மத்தேயு 24:13இல் மூலம் இதே வினைதான். "என்னில் நிலைத்திருங்கள்" என்ற யோவான் 15:4இல் இருப்பது, முன்னொட்டு இல்லாத 'மெனோ'. கிரேக்கத்தில் உள்ள உறவு தமிழிலும் கெடாமல் நிற்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு எரிக்கப்பட்ட வரலாற்றில் ஓர் இடம் வரும். தூணில் ஆணியடிக்க வந்தவர்களிடம், வேண்டாம் என்கிறார். நெருப்பைத் தாங்கத் தருகிறவர், ஆணி இல்லாமலே அசையாமல் இருக்கவும் தருவார் என்கிறார். மூலத்தில் தாங்குவதற்கு வருவது ஹுப்பொமொனேயின் வினைவடிவம். அசையாமல் இருப்பதற்கு அதே 'மெனோ', வேறொரு முன்னொட்டோடு. இரண்டையும் 'தருகிறவர்' ஒருவர். ஆணியில்லாமல் நிற்பதற்குத் தமிழில் நிலைநிற்றலைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எபிரெயர் 12:1 "பொறுமையோடே ஓடக்கடவோம்" என்கிறது. நின்றுகொண்டு ஓட முடியாது. அங்கே என் சொல் நொண்டும். 'பாதியில் விலகாமல் ஓடுவோம்' என்று வினையாக எழுதிவிடலாம். எல்லா இடத்துக்கும் ஒரே பெயர்ச்சொல் வேண்டும் என்ற பிடிவாதமும் மொழிபெயர்ப்பாளர்களின் நோய்களில் ஒன்று.

இன்னொரு நோய், 'கடினமான பருவம்'. தியான நூல்களில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் இதுதான்: 'நீங்கள் கடந்துசெல்லும் இந்தப் பருவத்தில் தேவன் உங்களோடிருக்கிறார்.' விதைப்புக்குப் பருவம் உண்டு, மழைக்கு உண்டு, இளமைக்கு உண்டு. உபத்திரவத்துக்கு உபத்திரவம் என்றே பெயர் இருந்தது. அதைச் சொல்ல ஏனோ கூச்சம். நல்லவேளை, அந்த மூதாட்டியிடம் யாரும் பருவம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.