விஸ்காசிட்டின்னா பாகுநிலை, அடர்த்தி இல்ல

சிவில் பசங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல முதல் யூனிட்லயே முட்டிக்கிற வார்த்தை விஸ்காசிட்டி. "கெட்டியா இருக்கிறது"ன்னு நெனச்சுக்கிட்டு அப்படியே அடர்த்தியோட போட்டுக் குழப்பிக்கிறாங்க. விளக்கெண்ணெயை எடுத்துக்கோங்க, 20 டிகிரி செல்சியஸ்ல தண்ணியை விட கிட்டத்தட்ட 1000 மடங்கு விஸ்காசிட்டி, ஆனா தண்ணியில ஊத்தினா மிதக்கும், ஏன்னா அடர்த்தி கம்மி.

குழாய்லயோ வாய்க்கால்லயோ தண்ணி அடுக்கடுக்கா ஓடுதுன்னு வச்சுக்கோங்க, தரையை ஒட்டின அடுக்கு நகரவே நகராது, மேல போகப் போக வேகம் கூடும், வேகமா போற அடுக்கை பக்கத்து அடுக்கு பிடிச்சு இழுக்கும். அந்த உள் உராய்வுதான் விஸ்காசிட்டி. ஷியர் ஸ்ட்ரெஸ்ஸை (ஒரு சதுர பரப்புக்கு அடுக்குகள் ஒண்ணை ஒண்ணு உரசி இழுக்குற விசை) வெலாசிட்டி கிரேடியன்டால (அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறுற வீதம்) வகுத்தா அதோட அளவு கிடைச்சிரும், நியூட்டன் விதி அவ்ளோதான்.

வார்த்தை வந்த கதை சுவாரசியமானது. லத்தீன்ல விஸ்கம்னா மரத்துல ஒட்டி வளர்ற புல்லுருவி. அதோட பழத்துல பசை காய்ச்சி கிளையில தடவி குருவி பிடிப்பாங்க, அந்தப் பசைக்கும் அதே பேருதான், அதுல இருந்து வந்ததுதான் விஸ்காசிட்டி.

தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல இது பாகுநிலை, அளவைச் சொல்றப்ப பாகியல் எண். இலங்கையில பிசுக்குமைன்னு எழுதுவாங்க. எனக்கு பாகுநிலைதான் பிடிக்கும், பிசுக்குன்னா கையில ஒட்டுறதுதான் ஞாபகம் வருது, ஆனா இங்க பேச்சு ஓட்டத்தைப் பத்தி. அதிரசத்துக்கு பாகு காய்ச்சுறவங்க பதம் பாக்குறது இதைத்தானே, சூட்டுல இளகி ஓடும், ஆறினா இறுகும். காத்துக்கு மட்டும் இது தலைகீழ், சூடானா பாகுநிலை கூடும், அங்க இந்தப் பேரு கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது.

ரோடு போடுற தாருக்கு விஜி-30ன்னு கிரேடு பாத்திருப்பீங்க, அந்த 'வி' விஸ்காசிட்டிதான், 60 டிகிரியில குறைஞ்சது 2400 பாய்ஸ் (பாகுநிலையை அளக்குற யூனிட்) இருக்கணும். 20 டிகிரி தண்ணிக்கு வெறும் 0.01 பாய்ஸ். மெல்லிய குழாய்ல திரவம் எப்படி ஓடுதுன்னு ஆராய்ஞ்ச பிரெஞ்சு டாக்டர் பாய்சுயி பேருதான் அந்த யூனிட்டுக்கு.

என்விரான்மென்டல் எடுக்குறவங்களுக்கு இது செட்லிங் டேங்க்ல, அதாவது தண்ணியில இருக்குற மண்ணை அடியில படிய வைக்கிற தொட்டியில, வந்து நிக்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி பாகுநிலை கூடினா மண் துகள் மெதுவாத்தான் இறங்கும். தண்ணிக்கு 30 டிகிரியில 0.80 சென்டிபாய்ஸ் (பாய்ஸ்ல நூத்துல ஒரு பங்கு), 10 டிகிரியில 1.31. அதனால குளிர் நாட்டுல டேங்க் டிசைன் பண்றப்ப மார்கழிக் கணக்குல போடணும், கோடைக் கணக்குல போட்டா குளிர்காலத்துல கலங்கல் தண்ணிதான் வெளிய வரும்.