நீதி, நீதிமான்: ஒரு சொல் விளக்கம்

வேதாகமத்தில் லேவியராகமம் 19:36இல் வியாபாரிகளுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. தராசு, நிறைகல், மரக்கால், படி நான்கும் சரியாக இருக்கவேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு நான்குக்கும் முன்னால் "சுமுத்திரையான" என்று போட்டிருக்கிறது. எபிரெயத்தில் அந்த நான்கு இடத்திலும் வருவது "செதெக்". சங்கீதத்தில் "நீதி" என்று வாசிக்கிறோமே, அதே சொல்தான். படி என்றால் அடியில் மெழுகு ஒட்டாத படி, நிறைகல் என்றால் தேயாத கல். ஒன்று எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தால் அது செதெக்.

தமிழில் நாம் வைத்திருக்கும் "நீதி" வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேருக்கு நடத்திச் செல்லுதல் என்று பொருள். நடத்துகிற நெறி என்ற அந்தப் பொருளில்தான் நீதிநூல் என்கிறோம். ஆனால் இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றமும் நீதிபதியும். அதனால் "தேவனுடைய நீதி" என்றால் பலருக்குத் தண்டனைதான் தோன்றுகிறது. சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தருக்கும் இதே சிக்கல் இருந்தது. ரோமர் 1:17இல் உள்ள அந்தத் தொடரை ஒருகாலத்தில் வெறுத்ததாக 1545இல் அவரே எழுதினார். பாவியைத் தண்டிக்கும் நீதி என்று முதலில் எடுத்துக்கொண்டவர், விசுவாசிக்கிறவனுக்குத் தேவன் கொடுக்கும் நீதி அது என்று பிறகு கண்டுகொண்டார்.

நீதிமன்றக் கண்ணோடு வாசித்தால், ஆதியாகமத்தில் வரும் யூதாவின் மருமகள் தாமாரின் கதை புரியவே புரியாது. விதவையான அவளுக்குத் தன் இளைய மகன் சேலாவைக் கொடுப்பதாகச் சொன்ன யூதா, கொடுக்கவில்லை. அவள் கர்ப்பவதி என்று கேள்விப்பட்டதும் சுட்டெரிக்கச் சொன்னான். அவள் யார் என்று தெரியாமல் அவளோடு சேர்ந்தவன் அவனேதான். அப்போது அவனிடம் வாங்கிய முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அவள் அனுப்பிவைத்தாள். அதைப் பார்த்தவன், "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்றான். அவள் செய்தது அப்பழுக்கில்லாத காரியம் என்று அவன் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அவன் செய்யத் தவறிய கடமையை அவள் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான். உறவுக்கு உண்மையாக இருப்பதும் எபிரெயத்தில் நீதி.

சரி, புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். அங்கே கிரேக்கச் சொல் "திக்கயோசுனே". ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் "நீதியாக எண்ணினார்" என்ற ஆதியாகம வசனத்தை எடுத்துப் பவுல் ரோமர் 4ஆம் அதிகாரம் முழுவதும் பேசுகிறார். "எண்ணினார்" என்பதற்கான கிரேக்கச் சொல் கணக்கில் வரவு வைப்பதற்கும் வழங்கியது. செய்த வேலைக்குக் கூலி என்று இல்லாமல், நம்பினவன் கணக்கில் தேவன் வைத்த வரவு இது. "சுயநீதி" வேண்டாம் என்று பிலிப்பியர் 3:9 சொல்வதும் இதனால்தான். கிறிஸ்தவ வாழ்வில் நீதி முதலில் கிடைக்கிறது, நடக்கையில் அது தெரிவது அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் பயந்தே ஜெபிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது வலிக்கிறது.

இதற்கு நல்ல தமிழ் எது? 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு ஒரே சொல்லில் நிற்கவில்லை. சங்கீதம் 92இல் பனையைப்போல் செழிக்கும் "நீதிமான்" அங்கே "நேர்மையாளர்" ஆகிறார். மத்தேயு 6:1இல் "அறச் செயல்கள்" வருகிறது. ரோமர் 5:1இல் "ஏற்புடையவர்". இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், தேவனோடுள்ள உறவு அதில் இருக்கிறது. ஆனால் தராசு அதில் இல்லை. அதற்குச் "செம்மை" பொருந்தும். செங்கோலில் இருப்பதும் அதே செம்மைதான். நடுவுநிலைமைக்குச் சமன்செய்து சீர்தூக்கும் கோலை உவமையாக்கிய வள்ளுவரும் அதே அதிகாரத்தில் "செப்பம்" என்கிறார்.

ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கும்போது நான் "நீதி" என்றே விட்டுவிடுகிறேன். விளக்கும்போது மட்டும், தேவன் நமக்குத் தரும் நிலையை ஏற்புடைமை என்றும், அதிலிருந்து வரும் நடக்கையைச் செம்மை என்றும் பிரித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் மரக்காலைத்தான் காட்டுகிறேன்.